திருகோணமலையில குடிய விட மீட்டிங் தேடின கதை

கூகிள்ல "ஏஏ மீட்டிங் திருகோணமலை" எண்டு அடிச்சா முதல் வந்து நிண்டது ஒட்டோமொபைல் அசோசியேசன், அதுக்குப் பிறகு பற்றரி. ஆட்டோ ஓடுறவன் எண்டு தெரிஞ்சுதான் காட்டுறாங்களோ எண்டு எனக்கே சிரிப்பு வந்துட்டுது. நான் தேடினது அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், குடிய விட்ட ஆக்களும் விட நினைக்கிற ஆக்களும் கூடி இருந்து கதைக்கிற இடம். கொழும்பில இருக்கு எண்டு காட்டிச்சு, தமிழ்நாட்டில ஊருக்கு ஊர் இருக்கு எண்டு காட்டிச்சு, திருகோணமலை எண்டு போட்டு ஒரு விலாசமும் எனக்கு ஆம்பிடேல்ல. இப்ப ஸ்டாண்டில ஆக்கள் மெதுவா பக்கத்தில வந்து "டேய் அந்த மீட்டிங் எங்கயடா நடக்குது, எனக்கில்ல, மச்சானுக்கு" எண்டு கேக்கிறபடியா எல்லாத்தையும் ஒருக்கா எழுதி விடுவம் எண்டு நினைச்சன். குடிச்ச காலத்துக் கதை எழுதப் போறேல்ல. அது எல்லா வீட்டிலயும் ஒரே கதைதான், போத்தல்ல லேபிள்தான் மாறும்.

மீட்டிங் தேட முதல் ஒரு விசயம் இருக்கு, அதைச் சொல்லாமப் போனா பாவம். விடிய எழும்பினவுடன கை நடுங்கும், ஒரு கால் போத்தல் உள்ளுக்க போனாத்தான் நடுக்கம் நிக்கும் எண்ட நிலைமையில இருக்கிற ஆள், வீறாப்பில "இண்டையோட விட்டன்" எண்டு வீட்டுக்குள்ள படுத்துக் கிடக்கக் கூடாது. எங்கட பாசையில சொன்னா, சாராயம் மூளைக்கு பிரேக், அந்த பிரேக் அமத்தினபடியே இருக்கிறதால மூளை அதுக்கு எதிரா வருசக்கணக்கா அக்சிலேட்டர முறுக்கிப் பழகியிருக்கும், திடீரெண்டு பிரேக்க விட்டா வண்டி பாயும். நடுக்கமும் வேர்வையும் 6 மணித்தியாலத்திலயே தொடங்கலாம், வலிப்பு வாறதெண்டா பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள்ள வரும், 2ஆம் 3ஆம் நாளில ஆள் அடையாளம் தெரியாம பிசத்தத் தொடங்கினா அதுக்குப் பேர் டெலீரியம் ட்ரெமன்ஸ், கவனிக்காம விட்டா உயிர் போகும். எங்கட ஸ்டாண்டில ஒரு அண்ணை இப்பிடித்தான், சுவரெல்லாம் எறும்பு ஊருது எண்டு கையால தட்டித் தட்டி விழுத்திக்கொண்டு நிண்டவர், அங்க ஒரு எறும்பும் இல்ல. வீட்டுக்காரர் பேய் பிடிச்சிட்டுது எண்டு நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டாச்சு. வழியில வலிப்பு வந்தபடியாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தவர், இல்லாட்டி நூலோட முடிஞ்சிருக்கும்.

ஆஸ்பத்திரியில டயசிபாம் மாதிரி குளிசைய கூட்டிக் குடுத்து நாளுக்கு நாள் குறைச்சுக்கொண்டு வருவாங்க, தயமின் ஊசி போடுவாங்க, அது விட்டமின் பி1. கன காலம் குடிச்ச ஆக்களுக்கு பி1 வத்திப் போயிருக்கும், அது மூளையப் பாதிக்கும், அதால வெறும் சேலைன் ஒண்டு ஏத்திட்டு வாறது காணாது. எவ்வளவு குடிக்கிறீங்க எண்டு டொக்டர் கேட்டா உண்மையான அளவச் சொல்லுங்கோ, மனுசி பக்கத்தில நிக்கிறா எண்டு அரைப் போத்தல கால் போத்தலாக்கிச் சொன்னா மருந்தின்ர அளவும் பிழைச்சுப் போகும். மனுசிய வெளியில நிக்கச் சொல்லிக் கேக்கலாம், அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. காசும் வேண்டாம், அரச ஆஸ்பத்திரி.

இனி மீட்டிங். எங்கட ஊரில இடம் கண்டுபிடிக்கிறது ரெண்டாவது கஷ்டம்தான். முதல் கஷ்டம் ஆர் காணுவாங்க எண்டது. பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு சனம் வச்சிருக்கிற பேர் விசர் கிளினிக். அங்க போற ஆக்களை நான் எத்தினையோ தரம் ஏத்தி இறக்கியிருக்கிறன், "தம்பி கேற்றடியில வேணாம், அங்கால அந்த பாமசியடியில நிப்பாட்டுங்கோ" எண்டு சொல்லி இறங்கி, பாமசிக்குள்ள போற மாதிரிப் போய் சுத்திக்கொண்டு உள்ள போவினம். ஆட்டோக்காரனுக்குத் தெரியாம இந்த ஊரில ஒண்டும் நடக்காது, அதால நான் போகேக்க என்னை ஆர் ஆர் காணுவாங்க எண்டு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா உள்ள போய் வாங்கில இருந்து பாத்தா நித்திரை வராத அம்மா இருக்கிறா, சோதினைப் பயத்தில மெலிஞ்சு போன பிள்ளை இருக்கிறா, வலிப்புக்குத் துண்டு வச்சிருக்கிற ஐயா இருக்கிறார். நீங்க என்னத்துக்கு வந்தனீங்க எண்டு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. கண்டவனும் தான் ஏன் அங்க நிண்டவன் எண்டு சொல்ல வேண்டி வரும் எண்டு வாயைத் திறக்கமாட்டான்.

அங்கதான் எனக்கு வழி கிடைச்சது. நர்ஸ் மிஸ்ஸிட்ட, குடிய விட்ட ஆக்கள் கூடுற மீட்டிங் ஏதும் இருக்கா எண்டு கேட்டன். எனக்குத் தெரிஞ்சு இங்க இல்ல எண்டு சொல்லிட்டு, கொஞ்சம் யோசிச்சு, "உங்களை மாதிரியே இன்னொராள் போன மாசம் கேட்டவர், அவரிட்டக் கேட்டுட்டு உங்கட நம்பரை அவருக்குக் குடுக்கட்டே" எண்டா. இந்தக் கேள்விதான் முக்கியம். நீங்க போய்க் கேக்கேக்க "குடிய விட என்ன வழி" எண்டு மட்டும் கேட்டா மருந்துத் துண்டு மட்டும்தான் கிடைக்கும், அது பிழையில்ல, அது அவங்கட வேலை. "விட்ட ஆள் ஒராளோட நான் கதைக்க வேணும், அப்பிடி ஆரும் இருக்கினமா, அவருக்கு விருப்பமா எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அவரிட்டயும் இதையே கேக்கலாம், அங்க போறதில ஒரு வசதி என்னெண்டா சமுர்த்திக்கு வந்தனோ காணிப் பிரச்சினைக்கு வந்தனோ எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. போன்ல எண்டா 1926 தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், 1927 அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர ஆலோசனை இலக்கம். எடுத்தவுடன தமிழ்ல கதைக்கிற ஆளைத் தாங்கோ எண்டு சொல்லிப்போடுங்கோ, சிங்களத்தில தடுமாறி அரைவாசிக் கதைய விழுங்காதேங்கோ.

இன்னொரு விசயம், நெட்டில கிடைக்கிற விலாசத்தை அப்பிடியே நம்பி வெளிக்கிடாதேங்கோ. வேற ஊர் விலாசம் ஒண்டு கிடைச்சு, ஒரு நாள் ஹயரை விட்டுப்போட்டு பஸ் ஏறிப் போனா மண்டபம் பூட்டிக் கிடக்குது, பக்கத்துக் கடைக்காரர் "அது அந்தக் காலம் தம்பி" எண்டு ஒரு சிரிப்பு. இப்ப ஆரும் கேட்டா நான் சொல்லுறது, முதல் போன் எடுங்கோ, கடைசியா எப்ப கூடினவங்க எண்டு கேளுங்கோ, திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டு கேளுங்கோ. திறப்பு வச்சிருக்கிற ஆளின்ர பேர் சொல்லத் தெரியாட்டி அங்க மீட்டிங் இல்ல.

நர்ஸ் மிஸ் சொன்ன ஆள் உடன எடுக்கேல்ல. அந்த இடைவெளியில என்னைப் பிடிச்சு வச்சிருந்தது சூம் மீட்டிங். கொரோனாவோட இந்த ஏஏ ஆக்கள் உலகம் பூரா ஒன்லைனுக்கு வந்துட்டாங்க, ஒன்லைன் மீட்டிங்குகளை மொழிவாரியாப் பிரிச்சுப் பாக்கிற லிஸ்டே இருக்கு. நான் தமிழ்நாட்டு ஆக்கள் நடத்துற தமிழ் மீட்டிங்கில ஏறினன். இந்தியாவுக்கும் எங்களுக்கும் மணி ஒண்டுதான், அதால இரவு 8 மணி எண்டா இங்கயும் 8 மணிதான், கனடா லண்டன் மீட்டிங் மாதிரி சாமத்தில எழும்பத் தேவையில்ல. உட்துறைமுக வீதியில ஆட்டோவ ஓரமா விட்டுட்டு, ரெண்டு பக்கமும் மழைக்குப் போடுற படங்கை இறக்கி விட்டுட்டு, ஹெட்செட்டக் குத்திக்கொண்டு இருப்பன். ஆரும் வந்து தட்டினா ஹயர் இருக்கு எண்டு சொல்லுறது.

சூம்ல போறவங்களுக்கு ரெண்டு மூண்டு சொல்லவேணும், இதுகளை ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல. உள்ள போக முதல் உங்கட பேரைப் பாருங்கோ, போன் வாங்கேக்க போட்ட முழுப்பேரும் அப்பிடியே திரையில வரும், சில பேருக்கு மகளின்ர பேரில எக்கவுண்ட் இருக்கும், அது வந்து நிக்கும். முதல் பேர் மட்டும், இல்லாட்டி என்னவோ ஒரு பேர் போடுங்கோ, அதுக்குத்தான் அனோனிமஸ் எண்டு வச்சிருக்கு. கமராவ மூடி வைக்கலாம், சில மீட்டிங்கில புது ஆளின்ர முகத்தை ஒருக்காக் காட்டச் சொல்லுவாங்க, ஏனெண்டா விடுப்புப் பாக்க வாற ஆக்களும் இருக்கினம். பிறகு வட்ஸ்அப் குறூப்பில போடட்டா எண்டு கேப்பாங்க. குறூப்பில போட்டா உங்கட நம்பர் எல்லாருக்கும் தெரியும், உங்கட மகளின்ர கல்யாணப் படம் ப்ரொபைல்ல இருந்தா அதுவும் தெரியும். யோசிச்சுச் சேருங்கோ, இல்லாட்டி லிங்கை மட்டும் தனிய அனுப்பச் சொல்லுங்கோ.

உள்ள என்ன நடக்குது எண்டுதான் எல்லாரும் கேக்கிறது. பெரிசா ஒண்டும் இல்ல. ஒரு சின்னப் பிரார்த்தனை, பிறகு ஒரு பந்தி வாசிப்பாங்க, அதில வாற ஒரு வசனம் காதில நிண்டுது: இதில சேர ஒரே தகுதி குடிய நிப்பாட்ட வேணும் எண்ட விருப்பம். கட்டணம் இல்ல, சந்தா இல்ல, பதிவுப் புத்தகம் இல்ல. பிறகு ஒவ்வொராளா "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" எண்டு தொடங்கி தங்கட கதைய மட்டும் சொல்லுவினம். ஒராள் கதைக்கேக்க மற்ற ஆள் குறுக்க பாயக்கூடாது, புத்தி சொல்லக் கூடாது. எங்கட ஊர்ப் பழக்கத்துக்கு இதுதான் ஆகப் பெரிய அதிசயம், குடிகாரனைக் கண்டா புத்தி சொல்லாத வாய் ஒண்டை நான் அதுக்கு முதல் கண்டதேயில்ல, சாராயம் வித்த ஆளே எனக்குப் புத்தி சொன்னவர். உங்கட முறை வந்தா "நான் கேக்கிறன்" எண்டு சொல்லிட்டு இருக்கலாம், நான் கன நாள் அப்பிடித்தான். திருச்சிப் பக்கத்து லொறிக்காரர் ஒராள், சம்பளத்தண்டு வீட்டுக்குப் போற வழியில ஒவ்வொரு டாஸ்மாக் கடையாத் தாண்டுறதைச் சொன்னார், அந்த வழியில எங்கட வைன் ஸ்டோர்ஸப் போட்டா அது அப்பிடியே நான்தான். எல்லா மீட்டிங்கும் ஒத்துவரும் எண்டில்ல. ஒண்டில ஒராள் மணித்தியாலக் கணக்கா பிரசங்கம் வைப்பார், மற்றதில எல்லாரும் பம்பல் அடிப்பினம். ஒண்டு பிடிக்கேல்ல எண்டா இன்னொண்டுக்குப் போங்கோ, ஏஏயே சரிவராது எண்டு முடிவு கட்ட முதல் வேற வேற மீட்டிங்கில இருந்து பாருங்கோ.

இடையில கொழும்புக்கு ஒரு சாமான் எடுக்கப் போகேக்க, இரவு மெயில்ல போய், பின்னேரம் அங்க ஒரு மீட்டிங்குக்கும் போனன். இங்கிலிஷில நடந்துது, எனக்கு அரைவாசி விளங்கேல்ல. ஆனா நேர்ல முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதில ஒரு பலம் இருக்கு, திரையில அது வராது. கதவடியில நிண்ட வெள்ளைக்கார ஐயா ஒராள் பிளேன்டீ ஊத்தித் தந்தார், என்ன வேலை எங்க ஊர் எண்டு ஒண்டும் கேக்கேல்ல.

இந்த ஏஏ தொடங்கின கதையே எங்கட கதை மாதிரித்தான். 1935இல பில் வில்சன் எண்ட நியூயோர்க் வியாபாரி அமெரிக்காவில அக்ரன் எண்ட ஊருக்கு வேலையா வந்து, வேலை சரிவராம ஹோட்டல்ல தனிய நிக்கிறார். குடிய விட்டுக் கொஞ்ச மாதம்தான். ஒரு பக்கம் பார், மற்றப் பக்கம் டெலிபோன். அவர் பாருக்குள்ள போகாம அந்த ஊர் சேர்ச்சுகளுக்கு போன் எடுத்து, கதைக்க ஒரு குடிகாரனைக் காட்டுங்கோ எண்டு கேக்கிறார், ஒராளில தொட்டு ஒராளா கடைசியில பொப் ஸ்மித் எண்ட டொக்டரிட்டப் போய்ச் சேருறார், அவரும் குடிதான். அந்த ரெண்டு பேரும் கதைச்சதுதான் தொடக்கம், டொக்டர் கடைசியாக் குடிச்ச 1935 ஜூன் 10ஐத்தான் ஏஏ தொடங்கின நாள் எண்டு வச்சிருக்கு. இதைக் கேட்ட பிறகு நான் விலாசம் தேடுறதை விட்டுட்டன். மீட்டிங் நடக்கிற கட்டிடம் ஊரில இல்லாட்டிப் போகட்டும், ஆள் ஒராள் இருந்தாக் காணும்.

அந்த ஆள் ஒரு நாள் போன் எடுத்தார். பாத்தா என்ர பிள்ளைக்குப் படிப்பிச்ச சேர். ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் வாய் வரேல்ல, பிறகு அவர்தான் "சரி, இனி ஒளிக்க என்ன இருக்கு" எண்டார். பிறகு சூம்ல கண்ட ஒரு கிண்ணியா முஸ்லிம் நானாவும் வந்தார். அவருக்கு எங்களை விடக் கஷ்டம், தங்கட ஊரில குடிச்சதெண்டு வெளியில சொல்லவே ஏலாது, விட்டதெண்டும் சொல்ல ஏலாது, விட்டனான் எண்டா குடிச்சனான் எண்டாகும். எங்க கூடுறது எண்டு பெரிய யோசினை. ஆஸ்பத்திரிக்குள்ள வேணாம், சேர்ச்சில ஒரு அறை தாறன் எண்டாங்க, நல்ல மனசு, ஆனா நானா அங்க வாறதும் கதை, கோயில் மண்டபத்தில கூடினா அதுவும் கதை. கடைசியில சேருக்குத் தெரிஞ்ச ரியூசன் கொட்டில் அம்பிட்டுது. ரியூசனுக்கு வளர்ந்த ஆம்பிளை போனா பிள்ளையின்ர பீஸ் கட்டப் போறான் எண்டுதான் சனம் நினைக்கும். ஞாயிறு பின்னேரம் கிளாஸ் முடிஞ்சு பெடியள் போன பிறகு போவம், போட்டில மோல் கணக்கு பாதியில நிக்கும், வாங்கெல்லாம் சின்னது, முழங்கால் டெஸ்கில இடிக்கும். சேர் கையில சோக்கட்டி ஒண்டை எடுத்து உருட்டிக்கொண்டேதான் கதைப்பார், கதைச்சு முடிய விரலெல்லாம் வெள்ளையா இருக்கும்.

ரெண்டு மூண்டு குடிநோயாளியள் குடிய விடுறதுக்கெண்டு கூடினாலே அதைக் குழு எண்டு சொல்லலாம் எண்டு ஏஏயின்ர மரபிலயே இருக்கு, ஆரிட்டயும் பெர்மிசன் எடுக்கத் தேவையில்ல. வேண்டியது மாறாத கிழமை, மாறாத நேரம், திறப்பு வச்சிருக்க ரெண்டு பேர். ரெண்டு பேர் ஏனெண்டா ஒராள் வராட்டி மற்ற ஆள் திறக்கவேணும், புதுசா வாறவன் பூட்டின கதவைக் கண்டால் திரும்பி எங்க போவான் எண்டு உங்களுக்கே தெரியும். ஒரு ரின்னில விரும்பினதைப் போடுறது, கொட்டில் வாடகையும் பிளேன்டீயும் அதிலதான். வெளியில ஒரு முதலாளி காசு தாறன், பனர் அடிச்சுத் தாறன் எண்டு வந்தார், வேண்டாம் எண்டிட்டம், வெளிக்காசு எடுக்கிறேல்ல எண்டது அங்கத்தைய வழக்கம், பனர் அடிச்சா பிறகு ரகசியம் எங்க. கடவுள் கதையில சண்டை வருமோ எண்டு பயந்தது உண்மை, ஏஏ ஆக்கள் குடிய விடப் பின்பற்றுற 12 படியில சிலதில கடவுள் வருவார், ஆனா "நாங்கள் விளங்கிக்கொண்டபடி" எண்டு ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்காங்க. எனக்கு பத்திரகாளி, நானாவுக்கு அல்லாஹ், சேர் கடவுளே இல்லை எண்டவர், அவர் இந்தக் கொட்டில்தான் தன்னை விடப் பெரிய சக்தி எண்டுவார். ஆரும் வெறியில வந்தா வெளிய போகச் சொல்லுறேல்ல, பேசாம இருந்து கேக்கலாம், கதைக்க மட்டும் விடமாட்டம்.

போயா, அதுதான் பௌர்ணமி லீவு, வந்தா சனம் நினைக்கும் சாராயக் கடை பூட்டு, நல்ல நாள் எண்டு. எங்களுக்கு ஆகப் பயம் போயாக்கு முதல் நாள் பின்னேரம்தான், லைனில நிண்டு எல்லாரும் வாங்கி அடுக்கிற நேரம், ஸ்டாண்டில ஹயரும் அந்தப் பக்கம்தான் கூட. அதால அண்டைக்கு ஒரு சூம் மீட்டிங் கட்டாயம் வச்சுக்கொள்ளுங்கோ. செத்தவீடு, கலியாண வீடு எண்டா போக முதல் ஒராளுக்குப் போன், திரும்பி வந்து ஒரு போன். இதுக்குத்தான் ஸ்பொன்சர் எண்டு ஒராளை வச்சுக்கொள்ளச் சொல்லுறது, உங்களுக்கு முதல் விட்ட ஆள், நீங்க பொய் சொன்னா கண்டுபிடிக்கிற ஆள்.

வீட்டுக்காரருக்கும் சொல்ல இருக்கு. சாப்பாட்டில தெரியாமக் கலந்து குடுத்தா குடி நிக்கும் எண்டு மருந்து விக்கிறாங்க, அதை மட்டும் செய்யாதேங்கோ. டைசல்பிரம் எண்ட குளிசை இருக்கு, அது டொக்டர் பாத்து, குடிக்கிற ஆளுக்குச் சொல்லி, அவற்ற சம்மதத்தோட குடுக்கிறது, ஏனெண்டா அதைப் போட்டுட்டு குடிச்சா முகம் சிவந்து, சத்தி வந்து, பிரசர் விழும், இதயம் பலவீனமான ஆளெண்டா உயிருக்கே ஆபத்து. தெரியாமக் குடுத்தா அவர் வழமை போலக் குடிப்பார், நடக்கிறது உங்கட கையில இல்ல. அதை விட உங்களுக்கெண்டு அல்-அனோன் இருக்கு, 1951இல குடும்பத்து ஆக்களுக்கெண்டு தொடங்கினது, அதில இருக்க உங்கட மனுசன் குடிய விட்டிருக்க வேணும் எண்டு இல்ல. மீட்டிங் தேடுறவங்க திறந்த மீட்டிங்கா மூடின மீட்டிங்கா எண்டும் கேளுங்கோ, திறந்த மீட்டிங்குக்கு வீட்டாரும் போய் இருக்கலாம், மூடினது குடியை நிப்பாட்ட நினைக்கிற ஆக்களுக்கு மட்டும். என்ர மனுசியும் சேரின்ர மிஸ்ஸிசும் இப்ப போன்ல கதைக்கினம், நாங்க கிட்டப் போனா கதை நிக்கும்.

ஒரு குறை இருக்கு. மூதூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா எடுத்தவ, குடிக்கிறது அவதான், மனுசனில்ல. எங்கட கொட்டிலுக்கு ஆம்பிளையள் மூண்டு பேரோட வந்து இருக்க அவவுக்கு ஏலாது, அது எங்களுக்கும் விளங்குது. பொம்பிளையள் மட்டும் கூடுற ஒன்லைன் மீட்டிங்கின்ர லிங்கைத் தேடி அனுப்பினன், கமராவ மூடிக்கொண்டு இருக்கிறா எண்டு சொன்னவ. ஆனா இங்க, திருகோணமலையில, தன்னோட தமிழ்ல கதைக்க குடிய விட்ட ஒரு பொம்பிளை வேணும் எண்டு கேக்கிறா. ஆரும் இருந்தா கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிட்டச் சொல்லி விடுங்கோ, பேர் சொல்லத் தேவையில்ல, நம்பர் காணும்.